எல்லார் காலரிலும் அந்தப் பெயர்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருந்தது. நீதிபதிக்கு, பல் டாக்டருக்கு, தீயணைப்புக்காரர்களுக்கு, பேண்டுக் கோஷ்டியில் பெரிய மேளம் அடிப்பவனுக்கு, அன்று காலைதான் பிறந்து இன்னும் கண் திறக்காத ஒரு குழந்தையைச் சுற்றியிருந்த ஆஸ்பத்திரித் துவாலைக்குக்கூட. தபால்காரர் மட்டும் அன்று வேலைக்கு வந்திருந்தால் பைத்தியம் பிடித்து ஓடியிருப்பார். நல்லவேளை, அவருக்குக் காய்ச்சல். அவர் போர்த்திப் படுத்திருந்த போர்வையிலும் அதே பெயர்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் வரிசையில் முதலில் நிற்பவள் என் வீட்டுக்காரி.

"ஊர் பூராவும்னு சொல்லாதீங்க. லாண்டரியில துணி போடுறவங்கன்னு சொல்லுங்க."

"சரி, போடுறவங்க. போடாதவன் இந்த ஊர்ல யாரு?"

"அதுலயும் முந்தின நாள் டெலிவரி ஆன துணி மட்டும். ஒரு வண்டி."

"ரெண்டு வண்டி."

"ஒரு வண்டி. அதுவும் பாதி காலி."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மைக்ராஸ்கோப்பில் தெரியாத எதுவும் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி. நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு இருட்டில் நின்றவர்கள் வெளியே வந்ததும் முதலில் பேசுவது என்னிடம்தான். அந்தப் பெட்டிக்குள் அவர்கள் யார் யாரைப் பார்த்தார்கள் என்று ஆயுள் முழுக்கக் கேட்டவன் நான். எங்கள் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி ரொம்ப அதிகம்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளம் முழுக்க அந்த லாண்டரி. நாங்கள் அதற்கு நேர் மேலே. கொதிகலன் ஓடும்போது எங்கள் வீட்டுத் தரை எந்தக் குளிரிலும் சுடும். செருப்பு போடாமல் நின்றால் குதிகாலில் முட்டை பொரிக்கலாம். ஓய்வு பெற்றதும் நான் காலைப் பொழுதை அங்கேதான் கழித்தேன். அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டால் அதைவிட சொகுசான நாற்காலி கிடையாது. சுவரெல்லாம் வியர்க்கும். துவைக்கிற பெரிய உருளைகள் வயிற்றுக்குள் துணியைப் புரட்டிப் புரட்டிப் போடும். சோப்பும் கஞ்சியும் கருகிய பருத்தியும் கலந்த ஒரு வாசனை. அது மூக்கில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமையிலும் இறங்காது.

அந்த லாண்டரிக்கு ஒரு சட்டம் இருந்தது. பெயர் இல்லாத துணி தண்ணீரில் இறங்கக்கூடாது. புதிதாக ஒரு துணி வந்தால், வெள்ளை நாடாத் துண்டில் சிவப்பு நூலால் அந்த வீட்டின் குடும்பப் பெயரைத் தைத்து, காலருக்கு உள்பக்கம் பொருத்துவார்கள். அப்புறம்தான் ஊறப்போடுவது. அதற்கென்று ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை, காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷின். வேறு இடங்களில் எண் போட்டு ஒட்டுகிறார்கள், மை குத்துகிறார்கள். இங்கே நூல்தான். இந்தச் சட்டத்தைப் போட்டவள் பெரியம்மா.

எனக்கு அவள் பெரியம்மா முறை இல்லை. ஊருக்கே அப்படித்தான் பெயர். அவள் புருஷன் இளவயதிலேயே ஒரு நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டு வாங்கி, கண்ணாடியில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர். வரவே இல்லை. பெரியம்மா அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. மறுவாரம் ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேலே அந்தக் குடும்பப் பெயரை ஒரு ஆள் உயரத்துக்குத் தானே எழுதினாள் என்பது மட்டும் தெரியும். பக்கத்து ஊரிலிருந்து பார்த்தால் தெரியும். நிலாவிலிருந்தும் தெரியும் என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பெரியம்மாவின் மகன் லாண்டரியில் பிறந்தும் நீராவி ஆகாதவன். உள்ளே வந்தால் தும்முவான். இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டான். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்தான் இந்தக் கதைக்கு உரியவள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். என் வீட்டுக்காரி அவளுக்கு அண்ணி. அவள் வந்த அன்றைக்கே பெரியம்மா கையைப் பிடித்து மெஷின் மேஜைக்குக் கூட்டிப்போய், ஒரு ஏப்ரனில் அந்தக் குடும்பப் பெயரைத் தைத்து இடுப்பில் கட்டிவிட்டாள். "இனிமே நீ தண்ணியில இறங்கலாம்" என்றாள். பெரியம்மா வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். நாங்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

பெரியம்மா செத்ததும் அந்த மேஜையில்தான். கால் மிதிகட்டையில், கை ஒரு தலையணை உறையில். அவள் உயிர் போன பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணை உறையில் பெயரைத் தைத்து முடித்துவிட்டுத்தான் நின்றது.

"ரெண்டு தையல். கால் சரிஞ்சதுல ஓடியிருக்கும்" என்பாள் என் வீட்டுக்காரி.

அதற்கப்புறம் மருமகள்தான் அந்த மேஜையில் உட்கார்ந்தாள். பெரியம்மாவின் குதிகால் பட்டுப் பட்டு மிதிகட்டையில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். தங்கச்சி கால் சின்னது. அதில் சரியாக உட்காராது.

மகன் வேறொருத்தியோடு போனான். விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. லாண்டரி மருமகளுக்கு என்று பெரியம்மா முன்னமே பதிவு பண்ணியிருந்ததால் அதில் தகராறு இல்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு தவணை. அதற்குள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னால் கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்குத் திரும்பிவிடலாம். போகாவிட்டால் புருஷன் பெயரை வைத்துக்கொண்டதாக அர்த்தம். தவணை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. மழை என்றால் நீங்கள் பார்த்த மழை இல்லை. மீன்கள் குடை கேட்ட மழை. ஊரில் யாராலும் துணி காயப்போட முடியவில்லை. எல்லாம் லாண்டரிக்கு வந்து குவிந்தது. மூட்டைகளுக்கு நடுவே வழி வெட்டித்தான் நடக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அந்த வழியில் குடையை மடக்கியபடி அவன் வந்தான். கையில் ஒரு பை. பையில் அவன் சட்டைகள்.

ஆமாம். வீட்டை விட்டுப் போனான், பெண்டாட்டியை விட்டுப் போனான். சட்டையை மட்டும் வேறு எங்கேயும் போட மனசு வரவில்லை. இவள் மாதிரி காலர் தேய்க்க ஊரில் ஆள் இல்லை.

தங்கச்சி அப்போது ஒரு சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரைத் தேய்க்கும்போது முனையிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து முனைக்குப் போனால் சுருக்கம் முனையில் சேர்ந்துவிடும். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"வச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை வண்டியில வரும்."

"வெள்ளிக்கிழமை தவணை முடியுது" என்று சொல்லிவிட்டு அவன் தும்மினான். "நீ போய் மாத்திக்கிட்டா நல்லது."

"எதை?"

"உனக்கே தெரியும். அவளுக்குச் சங்கடமா இருக்காம். பேங்க்ல, டாக்டர்கிட்ட எல்லாம் ரெண்டு பேரும் ஒரே பேர்ல. நேத்து டாக்டர்கிட்ட உன் ரிப்போர்ட்டை அவ கையில குடுத்துட்டாங்க."

"அய்யோ. நல்லா இருந்துச்சா?"

"என்னது?"

"என் ரிப்போர்ட்."

நான் மூட்டைமேல் உட்கார்ந்து சிரிப்பை விழுங்கினேன். தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"விளையாடாதே. அது என் பேரு. எங்க அப்பா பேரு. உனக்கு எதுக்கு?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இவ்வளவு வருஷமா இதைத்தான் தச்சேன். அதான்" என்றாள். அவ்வளவுதான். அவன் பையை வைத்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனான்.

அவள் தேய்த்த சட்டையை மடித்து அடுக்கினாள். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, லிஃப்ட் நடுவுல நின்னுட்டா என்ன பண்ணணும்?"

"கதவை நெம்பக் கூடாது. மணி அடிச்சுட்டு அமைதியா உக்காந்துக்கணும். ஆள் வருவான்."

"மணி அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தரும் காணோம்."

மதியம் மகள் வந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டே அம்மாவுக்குத் துணையாக நீராவிப் பிரஸ்ஸை ஓட்டுகிறவள். கொதிகலன் குழாய்மேல் தகரம் வைத்து அதில் உருளைக்கிழங்கு சுடுவது அவர்கள் வழக்கம். தோல் வெடித்து உப்பு தூவி, ஊதி ஊதிச் சாப்பிட்டோம். வாய் நிறைய சூட்டோடு மகள் பேசினாள்.

"அம்மா, மாத்தப்போறியா, இல்லையா? ஒண்ணு சொல்லு."

"மாத்தினா எந்தப் பேருக்குப் போறது? எங்க அப்பா பேருக்கா? நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த அன்னிக்கு, எங்க பேரைச் சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன மனுஷன். அது என்னை வெளிய வச்சுக் கதவு சாத்தின பேரு. இது என்னை உள்ள வச்சுட்டு வெளிய போன பேரு."

"அப்ப இதையே வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டா அவளும் நானும் ஒரே பேர்ல. அவன் பின்னாடியே வால் மாதிரி போறேன்னு ஊரு சிரிக்கும்."

"நான் அந்தப் பேருதானே? நீ மாத்திட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல நின்னா, நீங்க இவங்களுக்கு யாருன்னு கேப்பாங்க."

"மகள்னு சொல்லு."

"சொல்றேன். ஆனா கேப்பாங்க இல்ல?"

அவள் உப்புக் கையை ஏப்ரனில் துடைத்தாள். உருளைக்கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. "அது" என்றார்கள். வாசல் பலகையைக்கூட அண்ணாந்து பார்க்காமல் உள்ளே நுழைந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் முடிவெடுத்துவிட்டாள். மாற்றுவது. முடிவெடுத்த கையோடு சின்னக் கத்தரியை எடுத்து ஏப்ரனில் இருந்த பெயரைப் பிரித்தாள். சிவப்பு நூல் சுருள் சுருளாக வந்து மேஜையில் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரித்து முடித்து ஏப்ரனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நூல் போய்விட்டது. ஊசித் துளைகள் போகவில்லை. துளை வழியாக வந்த வெளிச்சத்தில் பெயர் முழுசாகப் படிக்க முடிந்தது.

"துவைச்சா சேந்துக்கும்" என்றாள். அவள் குரலை நானே நம்பவில்லை.

புதன்கிழமை காலை ஆணியில் தொங்கிய ஏப்ரனில் பெயர் இருந்தது. சிவப்பு நூலில்.

"நீயாடி?" என்று மகளைக் கேட்டாள்.

"எனக்கு அந்த மெஷினே பயம்மா! ஊசி விரல்ல ஏறின நாள்லேருந்து தொடுறதே இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் மறுபடியும் பிரித்தாள். இந்தத் தடவை நூலை உதடு கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் நான் கண் விழித்தபோது, எங்கள் கட்டிலுக்கு நேர் கீழே, தரைக்கு அடியில், டக்டக், டக்டக் என்று சத்தம். மிதிகட்டைச் சத்தம் எனக்குத் தெரியாதா? அந்த மெஷினுக்கு வார் மாற்றிக் கொடுத்ததே நான்தான்.

"கேக்குதா?" என்றேன்.

"தண்ணிக் குழாய்" என்றாள் என் வீட்டுக்காரி, கண்ணைத் திறக்காமல்.

"குழாய் மிதிக்குமா?"

"தூங்குங்க."

நான் தூங்கவில்லை. அந்தச் சத்தம் நின்று நின்று கேட்டது. ஒரு பெயர் தைக்கிற நேரம் ஓடும், துணியை மாற்றுகிற நேரம் நிற்கும், மறுபடி ஓடும். தரை எப்போதும் சுடும் என்றேனே, அன்றைக்கு என் உள்ளங்காலுக்குக் கீழே ஐஸ் கட்டி. இறங்கிப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். சாகசமாகப் பொய் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் இந்த இடத்தில் சொல்ல வரவில்லை. போகவில்லை.

காலையில் ஏப்ரனில் பெயர் இருந்தது. தங்கச்சி அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. தேநீரை ஆற விட்டுக் குடித்தாள். துணிகள் மடித்துக் கட்டிப் பொட்டலமாகத் தயாராக இருந்தன. வண்டிக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு மழையில் போனார். ரெண்டு வண்டி.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. அதற்காகவே காத்திருந்த மாதிரி ஊர் வாசலில் வந்து நின்றது.

முதலில் வந்தவன் பெரிய மேளக்காரன். சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டி, "அக்கா, நான் உங்க சொந்தமா? சொல்லவே இல்லையே" என்றான். அவன் பின்னால் ஒரு நர்ஸ், கை நிறைய துவாலை. அவள் பின்னால் நீதிபதி வீட்டு ஆள், கறுப்பு அங்கியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு. விவாகரத்துத் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதி. அந்தப் பெயரைத் தன் கையால் அறுத்துவிட்டவரின் கழுத்திலேயே அது போய் உட்கார்ந்துவிட்டது.

"ஐயா சிரிக்கிறாரா, கோவிக்கிறாரான்னு தெரியல. எதுக்கும் மாத்திக் குடுத்துடுங்க" என்றார் அந்த ஆள்.

வரிசை முக்கு திரும்பி அடுத்த தெருவுக்குப் போனது. ஒவ்வொருத்தர் காலரிலும், உறையிலும், ஓரத்திலும் பழைய நாடாவைப் பிரித்துவிட்டுப் புது நாடா. சிவப்பு நூலில் அதே பெயர். எதிலும் தவறில்லை, ஒரு எழுத்து கோணல் இல்லை. இத்தனையும் தைக்கப் பத்துப் பெண்கள் பத்து நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கினாள். தங்கச்சி மெஷின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். தன் சட்டைகளை மேஜைமேல் வீசினான்.

"என்னடி பண்ணியிருக்கே? ஊர் பூரா என் பேரைத் தச்சு அனுப்பியிருக்கே. என் சட்டையில?"

அவள் ஒரு சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினாள். வெள்ளை நாடா இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. இன்னொரு சட்டை. அதுவும் வெறும் நாடா. நான் எழுந்துபோய் ஒன்றை வாங்கி ஜன்னலில் பிடித்தேன். நூல் பிரித்தால் துளை இருக்கும், ஏப்ரனில் பார்த்தேனே. இதில் ஒரு ஊசித் துளைகூட இல்லை. அவன் அம்மா பெயர் தைத்துக் கொடுத்த சட்டைகள், ஒவ்வொரு துவையலிலும் அந்தப் பெயரோடு போய்வந்த காலர்கள். அந்தப் பெயர் அங்கே எப்போதும் இருந்ததே இல்லை என்பது மாதிரி வெளிச்சம் வெள்ளையாக வந்தது.

சத்தம் போட வந்தவன் சட்டையைப் பார்த்தான். அவனுக்குத் தும்மல் வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"வேணும்னே பண்ணியிருக்கே" என்றான், மெதுவாக. "உனக்குத் தலை சரியில்ல. நான் சொல்லவேண்டிய இடத்துல சொல்றேன்."

தங்கச்சி அந்தச் சட்டையை மடித்து மேஜையில் வைத்தாள். மகளிடம், "மேல போய் அண்ணியைக் கூட்டிட்டு வா" என்றாள்.

என் வீட்டுக்காரி படி இறங்கி வந்தாள். ஈரக் கை, வீட்டு வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பழைய வெள்ளை கோட்டு, கழுத்தில் தொங்கும் லென்ஸ். தங்கச்சி ஒரு நாடாவை வெட்டி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணி, நீங்க எதையும் நம்பமாட்டீங்க. அதனால உங்களைத்தான் கேக்கணும். ஒரு வாரமா நான் தூங்கல. எங்க உக்காந்தேன், எப்ப எழுந்தேன்னு நினைவில்ல. என் கை தச்சிருக்கலாம். இல்ல..." அவள் மிதிகட்டையைப் பார்த்தாள். "இது யார் கை? பாத்துச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி லென்ஸை வைத்து முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் ஒரு ரத்தத் துளியை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"உன் கைதான்" என்றாள். "வேற யார் கை?"

"நிச்சயமா?"

"நாப்பது வருஷம் லென்ஸ்ல பாத்த கண்ணு, எனக்குத் தெரியாதா? தூக்கக் கலக்கத்துல கை பழகினதைத் தைக்கும். போய் முகத்தைக் கழுவு."

தங்கச்சி மூச்சு விட்டாள். தோள் ஒரு சாண் இறங்கியது. பிறகு சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

"அப்ப எனக்கே அது வேணும்னு இருக்கு" என்றாள். "வாய் வேண்டாம்னு சொல்லுது, கை விடமாட்டேங்குது."

ஏப்ரனைக் கழற்றாமலேயே பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். மகளும் போனாள், நானும் போனேன். இதைத் தவறவிட்டால் நான் ஓய்வு பெற்றதற்கே அர்த்தமில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"பேர் மாத்தவா?"

"இல்லைங்க. வச்சுக்கிறேன்."

"வச்சுக்கிறதுக்கு வரவே வேணாமே அம்மா. வராம இருந்தாலே போதும்."

"தெரியும். சும்மா இருந்ததால ஒட்டிக்கிச்சுன்னு இருக்கக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

"சரி, சொல்லுங்க."

அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். ஒரு வாரத்துக்கப்புறம் முதல் தடவை, முழுசாக, கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். காலருக்குள் விரலை விட்டுத் துழாவினார். "அதானே பாத்தேன். காலையிலேர்ந்து கழுத்துல ஏதோ உறுத்துது" என்றார்.

அதற்கப்புறம் ஊர்த் துணிகளில் எல்லாம் பழைய பெயர்களைத் திரும்பத் தைத்துக் கொடுக்க ரொம்ப நாள் ஆனது. ஏப்ரனை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் தரைக்கு அடியில் விடிகாலைச் சத்தமும் நின்றுவிட்டது. அவன் மட்டும் வேறு லாண்டரிக்குப் போனான். அங்கே அவன் சட்டையில் எத்தனை தடவை பெயர் குத்தினாலும் ஒரு துவையலில் மறைந்துவிடுகிறதாம், மற்றவர்கள் சட்டை அவனுக்கும் அவன் சட்டை மற்றவர்களுக்கும் போகிறதாம். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாள் அவனைப் பேருந்தில் பார்த்தேன். சட்டையின் கை முழங்கையோடு நின்றிருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நிலா வந்த இடத்தில் உச்சுக் கொட்டினாள். மெஷின் தானாக ஓடிய இடத்தில், "ரெண்டு தையல்" என்றாள். நாடாவைப் பார்த்து "உன் கைதான்" என்று சொன்ன இடம் வந்தபோது கீரையை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

கோபம் போல என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் அவளுடைய பழைய வெள்ளை கோட்டுகள் இரண்டு. ஒன்றின் காலரைத் திருப்பினாள்.

"இது நான் வேலையில சேர்ந்தப்ப பெரியம்மா தச்சது. நம்ம பேரு. பின்பக்கம் பாருங்க." லென்ஸை என் கையில் கொடுத்தாள். நாடாவின் பின்பக்கம், கடைசி எழுத்துக்குக் கீழே, எறும்பின் தலை அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. "அவங்க எதைத் தச்சாலும் இப்படித்தான் முடிப்பாங்க. தங்கச்சி முடிக்கிறது ஒத்தை முடிச்சு. அவ இந்தப் பின்பக்கத்தைப் பாத்ததே இல்ல. லென்ஸ் இல்லாம தெரியாது."

இரண்டாவது கோட்டைத் திருப்பினாள். அந்த வாரம் துவைத்து வந்த கோட்டு. அதில் அந்தப் பெயர். இவள் அதை மாற்றித் தைக்கக் கொடுக்கவே இல்லை. நான் லென்ஸை வைத்தேன். பின்பக்கத்தில், கடைசி எழுத்துக்குக் கீழே, எறும்பின் தலை.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

"அன்னிக்கு ஏன் அவ கைன்னு சொன்னே?"

"செத்துப்போனவங்க சொன்னாங்கன்னு அவ அதை வச்சுக்கக் கூடாது. ஓடிப்போனவன் சொன்னான்னு விடவும் கூடாது. வச்சாலும் விட்டாலும் அவளா பண்ணணும். அதுக்காகச் சொன்னேன்." கோட்டை மடித்தாள். காலரை மட்டும் கொஞ்ச நேரம் விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் மாடிப்படி இறங்கினேன். கழுத்துல யாரோ கை வச்ச மாதிரி இருந்துச்சு. பிடிச்சுத் தள்ளுற கை இல்ல."

"அப்ப நடந்துச்சுன்னு ஒத்துக்கிறியா?"

அவள் கீரையை மடியில் எடுத்துக்கொண்டாள். ஒரு காம்பைக் கிள்ளினாள். கீழே ஒரு உருளை நின்று இன்னொன்று ஓடத் தொடங்கியது.

"நடந்துச்சு" என்றாள். "ரெண்டு வண்டி."